எண்பத்து மூன்று பாகை

கொழும்பு பஸ்ஸில், சாரதியின் காலடியில்,
துவாய்க்குள் சுருண்டு வந்தது.
கரடிப்போக்குச் சந்தியில் விடிய நாலரைக்கு
இரண்டு கையாலும் வாங்கினேன்.
கடை திறந்துகொண்டிருந்த மீன்கார லோகிதனின் தராசில்
வைத்துப் பார்த்தேன்: ஒரு கிலோ எண்ணூறு.
"என்ன விலை?" எண்டான்.
சொன்னேன்.
அவன் தராசை இன்னொருதரம் துடைத்தான்.

பெட்டிக்குள் போகவில்லை.
பழைய வன்தட்டுக் கூட்டைக் கழற்றி எறிந்து
சரித்து நுழைத்தேன். நுனி தொங்கியது.
பாலைக் கட்டையொன்றை அளந்து அறுத்து
முட்டுக் கொடுத்தேன்.

வைகாசி. கச்சான் அடங்காத இரவு.
ஐந்நூற்றைம்பது சதுர அடி வீட்டுத்திட்டத்து வீட்டில்
இந்த அறை முப்பத்தாறு பாகை.
அட்டைப்பெட்டி சொல்லும் அறுபத்தெட்டை
எந்த ஊரில் அளந்தார்களோ,
அங்கே சன்னலுக்கு வெளியே பனி கொட்டியிருக்கும்.

இரணைமடுப் பக்கம் மாடிவீடு கட்டப்போகும்
ஒஸ்லோ ஆளின் வரைபடத்தை அதற்குக் கொடுத்தேன்.
நீச்சல்குளத்தில் வெயில் உடைந்து
வரவேற்பறைச் சுவரில் ஆடவேணும் எண்டவர்.
ஒவ்வொரு கதிராக எண்ணு என்றேன்.

ஐந்தாம் நிமிடம் எழுபத்தொன்று.
பத்தாம் நிமிடம் எழுபத்தெட்டு.
இருபதில் எண்பத்து மூன்று.
அதற்குமேல் ஏறவில்லை. வேகத்தைத்தான் குறைத்துக்கொண்டது,
நுண்கடன்காரன் படலையில் நிற்க
குரலை இறக்கிக்கொள்ளும் எங்களைப் போல.
பெட்டியின் முதுகில் கைவைத்தால்
பாண் போறணையின் வாய்.

விசிறி மூன்று.
நாற்பது விழுக்காடு வரை ஆரோ பக்கத்தறையில்
பாய் உதறுவது மாதிரி.
அறுபதில் சுளகு.
எண்பதில், வானத்தில் இருந்து வேறொன்று ஞாபகம் வந்தது.
அறுபத்தைந்துக்கு இறக்கி
அங்கேயே பூட்டினேன்.

இன்னொரு சத்தமும் உண்டாம்.
விசிறியுடையதல்ல,
கம்பிச்சுருளுக்குள் மின்சாரம் தானே கீச்சிடுவது.
எனக்குக் கேளாது.
பதினாலு வயதில், ஒரு மாசி மாதத்தோடு
இடது காது மூடிக்கொண்டது.
வலதுக்கு மெல்லிய உச்சிகள் எட்டா.
அருணோதயனை எழுப்பினேன்.
"ஒண்டும் கேக்கேல்லை" எண்டு திரும்பிப் படுத்தார்.
எதைக் கேட்டாலும் அவருக்கு அதுதான் பதில்.

ஏணைக்குள் இயலினி. ஏழு மாதம்.
கதிர் எண்ணத் தொடங்கியதும்
நித்திரைக்குள்ளேயே நெற்றியைச் சுருக்கினாள்.
நிறுத்தினேன். விரிந்தது.
தொடங்கினேன். சுருங்கியது.
மூன்றுதரம் பார்த்தேன்.
ஆக, இருக்கிறது.
மின்வலுவை எழுபதுக்குக் குறைத்தேன்.
படமொன்றுக்குப் பதினெட்டு நிமிடம் கூடப் போனது,
நெற்றி விரிந்தே கிடந்தது.

பின்னால் நாலு வாய்.
மூன்று டிஸ்பிளே போர்ட், ஒரு எச்.டி.எம்.ஐ.
என் திரையோ பாடசாலை ஏலத்தில் எடுத்தது:
நீல வாய், பதினைந்து துளை, இருபக்கமும் திருகாணி.
ஆயிரத்து இருநூறு ரூபாய் மாற்றி ஒன்றைச் செருகித்தான்
இந்த யானையை அதில் கட்டினேன்.
மாற்றியும் கொதிக்கிறது.
அதற்குள்ளால் வரும் வெயில்
கொஞ்சம் சாம்பல் பூசின வெயில்.
மிச்ச மூன்று வாயிலும் றப்பர் மூடி.
கழற்றவில்லை. புழுதி.

மூன்று பத்துக்குப் படம் முடிந்தது.
இன்னும் அத்திவாரம் வெட்டாத சுவரில்
இன்னும் தோண்டாத குளத்து நீர் ஆடியது.
அறை இப்போது முப்பத்தெட்டு.

சூடு இறங்கி ஐம்பதைத் தொட,
விசிறிகள் ஒவ்வொன்றாக நின்றன.
பெட்டிக்குச் சொன்ன விலையில் பாதி
இந்த அமைதிக்குத்தான் எண்டு நினைத்தேன்.

அதற்குத்தான் இயலினி விழித்தாள்.
வீறிட்டாள்.
அது எனக்குக் கேட்டது.

ஒரு கையால் ஏணையை ஆட்டியபடி
மற்றக் கையால்
அதே வீட்டை நிலவு வெளிச்சத்தில்
இன்னொருதரம் எண்ணச் சொன்னேன்.
ஆரும் கேட்காத படம்.